தலைக்காசு

லாபிஸ் ஸ்டேஷனில் இறங்கியது நான் ஒருவன்தான்.
கையில் கோப்பு. கோப்பில் ஒரே பெயர்:
கனகவல்லி த/பெ சின்னையா.
கோலாலம்பூரில் ஒரு வணிகக் கல்லூரி,
இருபத்திரண்டாம் மாடி,
மனிதவளத் துறைக்குப் பேராசிரியர் தேடுகிறது
பதினோரு மாதமாய்.
தேடிக் கொடுப்பது என் பிழைப்பு.

செம்பனை லாரி திரும்பிய முனையில்
குலையிலிருந்து நாலைந்து பழம் உதிர்ந்தது.
வங்காளதேசத்துப் பையன் ஒருவன்
ஓடிப் பொறுக்கினான்.
உதிரி கிலோ என்ன விலை என்று
அவனுக்குத் தெரிந்திருந்தது.

டயர் கடைக்கு மேலே அவர் அறை.
சொக்சோ பாரம், லெவி பாரம், மருத்துவச் சீட்டு,
ரப்பர் வளையம் போட்டு ரப்பர் வளையம் போட்டு
சுவர் உயரத்துக்கு.
முனைவர் பட்டம் பெரட்டுப் புத்தகத்தில் வாங்கியவர்:
எட்டு வருடம்,
சம்பளத்துக்கு மறுநாள் வேலைக்கு வராதவர் யார், யார்.
‘குடி’ என்று எழுதி வைத்திருந்தார்கள் கிராணிமார்கள்.
இவர் போய்ப் பார்த்தார்.
பாதிப் பேர் பணம் அனுப்பும் கடை வாசலில்
வெயிலில் நின்றார்கள்.
சம்பளத்தைச் சனிக்கிழமை போடுங்கள் என்றார்.
போட்டார்கள்.
மேனேஜருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

பத்து மணிக்கு நேர்காணல்.
மடிக்கணினியில் ஐந்து கட்டம்:
டீன், ஒரு டத்தோ, இரண்டு பேராசிரியர்கள்,
ஓரத்தில் குறிப்பெடுக்கும் பெண், ஹஸ்னிசா.
கீழே யாரோ டயர் கழற்றும் சத்தம்.

‘ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?’
‘இபிஎப் கவுண்டரில். இப்போது எனக்கு ஐம்பது.’

மாதிரி வகுப்பு எடுங்கள், பத்து நிமிடம்,
தலைப்பு ஆட்சேர்ப்பு, என்றார்கள்.
அவர் எழுந்து நின்றார்.
‘கப்பல் காலத்தில் ஆள் கட்டப் போன கங்காணிக்குத்
தலைக்கு இவ்வளவு என்று காசு.
கொண்டுவந்த ஆள் பெரட்டில் நின்ற நாளுக்கு
இன்னும் ஒரு காசு.
அதனால் ஆளுக்குக் காய்ச்சல் என்றால்
முதலில் நஷ்டப்பட்டவன் கங்காணி.’
சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.
‘உங்களுக்கு எவ்வளவு?’

கட்டத்துக்கு வெளியே நாற்காலியில் இருந்தேன்.
இருந்தும் சொன்னேன்:
முதல் வருடச் சம்பளத்தில் பதினெட்டு விழுக்காடு.
‘நான் ஓடிப்போனால்?’
மூன்று மாதத்துக்குள் என்றால்
பாதியைத் திருப்ப வேண்டும்.
அதையும் வெள்ளைப் பலகையில் எழுதினார்,
கீழே கோடிட்டார்.
‘வகுப்பு முடிந்தது.’

டத்தோ சிரித்தார்.
மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.
எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா, என்றார் டீன்,
எல்லாரிடமும் கேட்கும் அதே குரலில்.

‘எனக்கு முன் இருந்தவர் ஏன் போனார்?’

நாலு கட்டத்திலும் மைக் அணைந்து கிடந்தது.
வாய்கள் அசைந்தன, தங்களுக்குள்.
ஐந்தாவது கட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு மறைந்தது.
‘அவர் போகவில்லை.
ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.
சுத்தம் செய்பவர்களின் சம்பளம் பற்றி
ஒரு கட்டுரை எழுதியிருந்தார்.’
கோடு திரும்பி வந்தது.
டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் மட்டும்
விட்டு விட்டு இரைந்தது.

கீழே ஒட்டுக்கடையில் கோப்பி ஓ வாங்கிக் கொடுத்தார்.
காசை நான் நீட்ட
‘வேண்டாம், கணக்கு குழம்பும்’ என்றார்.
முடிவைத் திங்கள் சொல்கிறேன் என்றார்.

ரயில் குளுவாங் பக்கம் போகவில்லை, வடக்கே வந்தது;
செகாமாட் தாண்டும்போது டீன் எழுதியிருந்தார்:
எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. சம்பளம் பேசலாம்.
அந்தப் பெண்ணுக்கு மைக் அனுமதி கொடுத்தது யார்?
முதல் வரிக்கு உடனே பதில் போட்டேன்.
பதினெட்டு விழுக்காட்டை
இரண்டு முறை பெருக்கிப் பார்த்தேன்.

திங்கள் வரை அவர் காத்திருக்கவில்லை.
கிம்மாஸில் வண்டி நின்றபோது வந்தது:
‘வருகிறேன். நான் வரும் நாளில்
ஹஸ்னிசா அந்த மேசையில் இருந்தால்.’

ஹஸ்னிசாவுக்குத் தலைக்காசு கிடையாது.
என் கோப்பில் அவளுக்குத் தாளும் இல்லை.
பெயரின் எழுத்துகள் சரிதானா என்றுகூடத் தெரியாமல்
கல்லூரி எண்ணை அழுத்தினேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
சன்னலுக்கு வெளியே செம்பனை,
நிறை நிறையாக,
எண்ணி நட்டது.